வர்க்கம் என்று ஒன்று இன்னும் இருக்கிறதா, மட்டக்களப்பில்?

"போடியார் காலம் முடிந்துவிட்டது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கூலிக்காரன் பிள்ளையும் கம்பஸ் போகிறது. இனியும் வர்க்கம், வர்க்கம் என்பது பழைய சிவப்புப் புத்தகக் கதை. நமக்கு இருப்பது இனப் பிரச்சினை மட்டும்தான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்."
– கல்முனை வாசகர் ஒருவர், 2025 பெப்ரவரி 7

பெப்ரவரி 8, இரவு

உண்டு.

இதை வாசித்துவிட்டு மகளிடம், "இந்தக் காலத்தில கிளாஸ் முக்கியமா?" என்று கேட்டேன். "எந்த சேர்ட கிளாஸ்?" என்றாள். உயர்தரம் படிக்கிறாள், அவளுக்குக் கிளாஸ் என்றால் டியூசன். சிரித்துவிட்டு விட்டேன். அப்புறம் யோசித்தால் அவள் சொன்னதுதான் சரியான பதில் போல. அந்த விசயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் பிறந்தது வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் உள்ளே. அப்பா ஒரு போடியாருக்கு முல்லைக்காரர். தெரியாதவர்களுக்கு: வயல் போடியாருடையது. வயற்காரர்களை வைத்து விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை எல்லாவற்றையும் பார்க்கிறவர் முல்லைக்காரர். பெரும்போகம் முடிந்ததும் புது நெல்லில் ஒரு மூடையை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போடியார் வீட்டுக்குப் போவோம். விறாந்தையில் நாலு கதிரையும் ஒரு சாய்மனைக் கதிரையும் இருக்கும். அப்பா தூணோடு நிற்பார். மூடையை இறக்கிய பிறகும் நிற்பார். போடியார் மழையைப் பற்றிக் கதைப்பார், பன்றிக்காவலைப் பற்றிக் கதைப்பார், யானை வந்ததைப் பற்றிக் கதைப்பார். அப்பா சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "ஓம் போடியார்" என்பார். அம்மா பின்பக்கத்தால் குசினிக்குப் போய்விடுவா. எனக்கு ஆறோ ஏழோ வயது. சும்மா கிடக்கிற கதிரைதானே என்று ஒருமுறை ஏறி இருந்துவிட்டேன். ஒருவரும் ஏசவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நானே இறங்கினேன்.

இதைச் சாதி என்று நினைத்துவிடாதீர்கள். போடியாரும் நாங்களும் ஒரே சாதி. அம்மாவின் குடியும் (தாய்வழியில் வருகிற வம்சம்) அவருடைய குடியும் ஒன்று. கோயிலில் அந்தக் குடிக்குரிய திருவிழா எங்களுக்கும் சேர்த்துத்தான். முறைப்படி அவர் எனக்கு மாமா, அப்பாவுக்கு மச்சான். மச்சான் வீட்டு விறாந்தையில் மச்சானுக்கு இருக்க இடமில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பெப்ரவரி 9

ஒரு திருத்தம். கட்டாரில் இருக்கிற அண்ணன் இதை வாசித்துவிட்டுக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். நல்ல ஏச்சு.

"கதிரைய மட்டும் எழுதிப்போட்டாய். அம்மாக்கு வயித்துக்குள்ள கட்டி எண்டு ராவோட ராவா ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது ஆர்ர ட்ரக்டர்? ஐப்பசி கார்த்திகையில வீட்டில ஒண்டுமில்லாம இருக்கக்க நெல்லுத் தந்தது ஆர்? இப்ப லீசிங் கொம்பனிக்காரன் கதிரை போட்டு, ஏசி போட்டு, தேத்தண்ணியும் தாறான். மறுகா மோட்டார் சைக்கிளத் தூக்கிக்கொண்டு போறான்."

சரி. அவர் சொல்வதில் பொய்யில்லை. தந்த நெல்லை அறுவடையில் கூட்டித் திருப்பிக் கொடுத்தோம் என்பதை அவர் சொல்லவில்லை, ஆனால் தந்தது உண்மை. நேற்று எழுதியதில் போடியாரைக் கொஞ்சம் படத்து வில்லன் மாதிரி ஆக்கிவிட்டேன். அவர் வில்லன் இல்லை. வெற்றிலைப் பெட்டியில் எனக்கென்று கற்கண்டு வைத்திருப்பார்.

பெப்ரவரி 9, பின்னேரம்

கற்கண்டை விறாந்தைக்கு வெளியே வைத்துத்தான் தருவார். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெப்ரவரி 11

அக்கரைப்பற்று நண்பர் ஒருவர், "போடியார் என்றால் தமிழர் மட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். இல்லைதான். அக்கரைப்பற்றுப் பக்கம் முழுக்க முஸ்லிம் போடியார்மார் இருந்தார்கள்; தாய்வழிக் குடியும் இரண்டு பக்கத்துக்கும் பொது. தமிழ் போடியாருக்கு முஸ்லிம் வயற்காரர், முஸ்லிம் போடியாருக்குத் தமிழ் வயற்காரர் என்று இருந்த வட்டைகளும் (வயல்வெளிகளும்) உண்டு. கல்முனைக்காரர் சொல்கிற இனப் பிரச்சினை அந்த வயல்களுக்குள் இறங்கியபோது முதலில் போனது யாருடைய வேலை என்று யோசித்துப் பாருங்கள். போடியாருக்குக் காணி உறுதி கையில் இருந்தது. வயற்காரனுக்கு என்ன இருந்தது?

போடியார் காலம் எப்படிப் போனது என்றும் கேட்டிருக்கிறார். 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகையை விளைச்சலில் கால்பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. பதிவான வயற்காரனைக் காணியிலிருந்து எழுப்பவும் முடியாது. 1972 காணிச் சீர்திருத்தம் ஒருவருக்கு 25 ஏக்கர் வயலுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. காகிதத்தில் வயற்காரன் வென்றான். எங்கள் பக்கத்தில் நடந்ததை அப்பா வேறு மாதிரிச் சொல்வார்: "பதிஞ்சாத்தானே பிரச்சினை எண்டு வயற்காரன நிப்பாட்டிப்போட்டு நாட்கூலிக்கு ஆள் புடிச்சாங்க." பங்குக்காரனாக இருந்தவன் கூலிக்காரன் ஆனான். மிச்சத்தை ட்ரக்டர், வெட்டு மெசின், சண்டை எல்லாம் சேர்ந்து பார்த்துக்கொண்டன.

பெப்ரவரி 15

இன்றைக்கு நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இன்றைக்கு வயலுக்குப் போய் வந்தேன்.

தங்கச்சியின் புருசன் நாலு ஏக்கர் செய்கிறார். குத்தகைக் காணி. யாருடைய காணி? அதே போடியாருடைய பேரனுடையது. பேரன் வெளிநாட்டில் டாக்டர். நல்ல பிள்ளை, போனில் "மாமி" என்று என்னோடு கதைப்பார். குத்தகைக் காசு விதைப்புக்கு முன்பே வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் அது அவருக்கு வந்த காசு. பழைய போடியார் விளைச்சலில் பங்கு கேட்டார்; பயிர் அழிந்தால் அவருக்கும் அழிவு. பேரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருடைய வீட்டில் யாரும் தூணோடு நிற்கவும் தேவையில்லை. நிற்பதற்கு விறாந்தையே கிடையாது.

சரி, வயல். வெட்டு மெசின் காலையில் இறங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது. 60 மூடை. வெள்ளம் பார்த்த வயலுக்கு அது மோசமில்லை. மெசின் துப்பிய நெல்லைக் கையில் அள்ளினால் பிசுபிசுவென்று இருந்தது. வீதியில் லொறி நின்றது. லொறிக்காரர் ஈரம் பார்க்கும் சின்ன மெசினில் ஒரு பிடி நெல்லைப் போட்டு, 19 என்றார். அரசாங்கம் இம்மாதம் 5ஆம் திகதி விலை சொன்னது உங்களுக்குத் தெரியும்: நாட்டரிசி நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. ஆனால் அது 14 வீத ஈரத்துக்குக் காய்ந்த நெல்லுக்கு. 14க்குக் கொண்டுவர வெயில் வேண்டும், நெல் விரிக்கப் படங்கு வேண்டும், வீதியோரத்தில் இடம் பிடிக்க வேண்டும், இரவில் காவல் இருக்க ஆள் வேண்டும், மழை தூறினால் ஓடி அள்ள நாலு பேர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கிழமை வேண்டும். தங்கச்சி புருசனிடம் அந்த ஒரு கிழமை இல்லை. மெசின் வாடகை இன்றைக்குக் கொடுக்க வேண்டும். பசளைக் கடைக் கணக்கு அறுவடை என்று சொல்லித்தான் எழுதியது. லொறிக்காரரும் பசளைக் கடைக்காரரும் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லொறிக்காரர் சொன்ன விலை நூறுக்குக் கீழே. தங்கச்சி புருசன் பேரம் பேசவில்லை. "ஓம் முதலாளி" என்றார். அந்த "ஓம்" எனக்கு எங்கேயோ கேட்ட "ஓம்".

அடுத்த வரவையில் (வயலில்) இன்னொருவர், 20 ஏக்கர் செய்கிறவர். அவருடைய நெல்லும் அதே 19தான். வீட்டோடு சீமெந்துக் களமும் களஞ்சியமும் உண்டு. இரண்டு மாதம் வைத்திருப்பார், விலை ஏறியதும் கொடுப்பார். இரண்டு பேரும் கமக்காரர், இரண்டு பேரும் தமிழர், இரண்டு பேருக்கும் வீட்டில் ஸ்மார்ட் போன். வித்தியாசம் நெல்லை வைத்திருக்கக் கூடியவன், வைத்திருக்க முடியாதவன் என்பதுதான். கல்முனைக்காரருக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். ஏக்கரைக் கேட்காதீர்கள், சம்பளத்தைக் கேட்காதீர்கள், எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்று கேளுங்கள்.

பெப்ரவரி 16

60 மூடையையும் கொடுக்கவில்லையாம். 35தான். மிச்சம் 25ஐ வீட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். தங்கச்சி பிடிவாதம் பிடித்திருக்கிறாள். நல்ல புள்ள.

பெப்ரவரி 23

கிளாஸ் விசயம்.

கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வி கொண்டுவந்திருக்காவிட்டால் முல்லைக்காரர் மகள் அபிவிருத்தி உத்தியோகத்தராகி ஆரையம்பதியில் வீடு கட்டியிருக்க மாட்டாள். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. "கூலிக்காரன் பிள்ளையும் கம்பஸ் போகிறது" என்பதற்கு நானே சாட்சி.

ஆனால் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்போடு போட்டி போட முடியாத மட்டக்களப்புப் பிள்ளைக்கு இது நியாயம். மாவட்டத்துக்குள்ளே என்ன நடக்கிறது? மட்டக்களப்பில் ஐந்து கல்வி வலயங்கள். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் மேற்கு வலயத்தில் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒரே கோட்டாவுக்குள். படிவத்தில் இரண்டு பேரும் மட்டக்களப்பு.

என் மகளுக்கு நாலு கிளாஸ். பின்னேரம் ஸ்கூட்டியில் போய் இருட்டுகிற நேரத்தில் வந்துவிடுவாள். என் தங்கச்சி மகள், அதே வயது, அதே பிரிவு. சனி ஞாயிறு மட்டும்தான் வரலாம். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபடியால் இதுவாவது முடிகிறது. நான் படித்த காலத்தில் பாதையை விட்டால் அந்த நாள் போச்சு. (வெளியூர்க்காரருக்கு: எங்களுக்குப் பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவை.) குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் இன்றைக்கும் பாதைதான். வாவிக்கு அந்தப் பக்கம் சோறு, இந்தப் பக்கம் உத்தியோகம். நடுவில் தண்ணீர்.

மகள் பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு, "அம்மா, சின்னம்மாட மகள் என்னவிடக் கெட்டிக்காரி எண்டதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

மார்ச் 2

ஒருவர் என்னைக் கம்யூனிஸ்ட் என்று எழுதியிருக்கிறார். நான் வீட்டுக்கடன் கட்டுகிற அரசாங்க உத்தியோகத்தர். என்னை எந்தப் புரட்சிக்கும் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொருவர், வர்க்கத்தையும் மரியாதையையும் நான் போட்டுக் குழப்புகிறேன் என்கிறார். குழப்பினேன்தான். வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தபோது மாக்ஸ் வெபர் இதைப் பிரித்து வைத்திருந்தார்: உடைமை வேறு, மதிப்பு வேறு, அதிகாரம் வேறு. இங்கே கோயில் வண்ணக்கராக (கோயில் நிர்வாகியாக) இருப்பவரிடம் இன்றைக்குப் பெரிய காசு இராது, முன்வரிசை இருக்கும். டுபாயிலிருந்து வந்து மாடிவீடு கட்டியவரிடம் காசு இருக்கும், திருவிழாவில் இடம் இராது. வெபர் சரி. ஆனால் எங்கள் போடியாரிடம் மூன்றும் ஒரு சாய்மனைக் கதிரையில் இருந்தன. பார்த்து வளர்ந்தவளுக்குப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

மார்ச் 9

அரசியலைத் தொடாமல் ஒளித்துத் திரிகிறேன் என்கிறார் கல்முனைக்காரர். சரி வாங்க.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தியின் சின்னம்) வெல்லாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. இருக்கிற 5 ஆசனத்தில் தமிழரசுக் கட்சிக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 1, முஸ்லிம் காங்கிரசுக்கு 1. யாழ்ப்பாணம் கூடத் திசைகாட்டிக்குப் போனது. அப்போ இங்கே ஏழைகள் இல்லையா? இருக்கிறார்கள். கூலிக்காரனும் போடியார் பேரனும் தமிழரசுக் கட்சியின் அதே வீட்டுச் சின்னத்துக்குப் போட்டிருப்பார்கள். அதைப் பிழை என்று சொல்ல நான் வரவில்லை, நானும் அப்படித்தான். காணியும் மேய்ச்சல் தரையும் பறிபோகிற பயம் உள்ளவனிடம் போய் வர்க்கமாகச் சிந்தி என்றால் அவன் சிரிப்பான்.

ஆனால் சின்னத்துக்குக் கீழே மூன்று விருப்பு வாக்கு இருக்கிறது. அங்கேதான் விளையாட்டு. "எங்கட ஊர்ப் பிள்ளை", "படுவான்கரைக்கு ஒரு ஆள் வேணும்", "பட்டணத்து லோயர்மார்தான் எப்பவும்" என்று தேர்தல் காலத்தில் தேத்தண்ணிக் கடையில் கதைப்பார்களே, அதெல்லாம் என்ன? வர்க்கம் என்ற சொல் இல்லாமல் வர்க்கத்தைக் கதைப்பதுதான். புத்தகத்தில் சொல்கிற தொழிலாளர், சங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் எங்கள் மாவட்டத்தில் வாழைச்சேனைக் காகித ஆலையோடுதான் கொஞ்சம் இருந்தன. வயல் கூலிக்கு என்ன சங்கம்?

இன்னொன்று. எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சண்டைக் காலத்தில் இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டது. யாருடைய பிள்ளைகள் போனார்கள்? கொழும்பில் சொந்தம் இருந்தவர், கனடாவுக்குக் காசு கட்ட முடிந்தவர், பிள்ளையை முதல் கிழமையே அனுப்பிவிட்டார். அம்மா என்னைப் பட்டணத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டா, ஒளித்து வைப்பதற்காக. அந்த வீட்டில் மூன்று வருசம் பாத்திரம் கழுவிக்கொண்டு படித்தேன். என் வகுப்பில் ஒன்பது பெண் பிள்ளைகள். இப்போது ஐந்து பேர்.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

மார்ச் 10

அந்த நாலு பேரைப் பற்றிக் கேட்டு வந்த செய்திகளுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. குறை நினைக்க வேண்டாம்.

மார்ச் 22

இலேசான விசயத்துக்கு வருவோம். வர்க்கம் இல்லை என்கிறவர்கள் அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவு) படிவத்தைப் பார்க்கவில்லையா? அரசாங்கமே சனங்களை நாலு படியில் நிற்பாட்டியது. 2023இல் தொடங்கியபோது மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. மிக வறியவர்களுக்கு 2025இல் 17,500 ஆனது. வீட்டுச் சுவர் என்ன, கூரை என்ன, கரண்ட் பில் எவ்வளவு, வாகனம் உண்டா என்று கணக்கெடுத்துத்தான் படி தீர்மானிப்பது. மார்க்ஸ் வந்தாலும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்க மாட்டார்.

எனக்குப் பெத்தா (பாட்டி) முறையான ஒரு மனிசி. மகள் குவைத்திலிருந்து குளிர்சாதனப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறா. கணக்கெடுக்க வருகிறார்கள் என்றதும் பெட்டிக்கு மேல் சேலையைப் போர்த்து, சாமிப் படம் வைத்து, விளக்கும் கொளுத்திவிட்டா. வந்த பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனதாம். பெத்தாவுக்கு எந்தப் படி கிடைத்தது என்பதை நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 30

சீதன வீட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று தங்கச்சியே கேட்கிறாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் பெண்களுக்கு என்ன மரியாதை என்பார்கள். மூன்று பெண் பிள்ளை என்றால் மூன்று வீடு, அதையும் சொல்லுங்கள். அப்பாவுக்கு இரண்டு பெண், ஒரு வீடு. வழக்கப்படி தாய் வீடு கடைசிப் பெண்ணுக்குப் போனது. எனக்கு ஒன்றும் இல்லை. உத்தியோகம்தான் என் சீதனம் என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். எங்கள் ஊரில் தாய்மார் ஏன் பிள்ளையைப் பெத்தாவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போகிறார்கள் என்று ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. கல்லடுக்கிக் கூரை போடாமல் பாதியில் நிற்கிற வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மகளுக்கு.

தங்கச்சி இதை வாசித்துவிட்டு, "அக்காச்சி, உனக்கு இன்னும் அந்த வீட்டில கண்ணா?" என்கிறாள். இல்லடி.

கொஞ்சம்.

ஏப்ரல் 16

புத்தாண்டுக்கு ஊருக்குப் போனோம். கைவிசேசம் வாங்க, கொடுக்க என்று வீடு நிறையச் சனம். அந்த 25 மூடையும் இன்னும் முன்மண்டபத்தில்தான் இருக்கிறது. பங்குனி வெயிலில் வீதியில் படங்கு விரித்து, என் மகளும் தங்கச்சி மகளும் மாறி மாறிக் கிண்டி, இரவில் தங்கச்சி புருசன் பாய் போட்டுக் கிடந்து காய வைத்தார்கள். எலிக்கு இரண்டு பூனை. தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் பசளைக் கடைக்கு மிச்சத்தைக் கட்டியதாம். அதை எனக்குச் சொல்லவில்லை, மகள் சொல்லித்தான் தெரியும். ஆக, வைத்திருக்கக் கூடியவன், முடியாதவன் என்று பெப்ரவரியில் நான் கோடு போட்டது அவ்வளவு நேரான கோடு இல்லை. வட்டி ஓடுகிறது. விலை ஏறினால்தான் கணக்கு சரி வரும்.

மண்டபத்தில் மூடை அடுக்கியதால் கதிரைகளை எல்லாம் மாமரத்தடிக்குக் கொண்டு போய்விட்டார்கள். மத்தியானம் போடியாரின் இளைய மகள் வந்தா, எழுபது வயதிருக்கும், கையில் பலகாரப் பெட்டி. தங்கச்சி "கதிரை எடுத்தாறன் மச்சாள்" என்று ஓட, மச்சாள் "விடு புள்ள" என்று ஒரு மூடையில் இருந்துவிட்டா. அப்பாவுக்கு இப்போது காது கேட்காது. கட்டிலில் இருந்து எழும்பி வந்து, யாரென்று பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருங்க இருங்க என்று எல்லோரும் கத்தினோம். கேட்கவில்லை.

நெல்லு நேற்று 14 காட்டியதாம். வருகிற கிழமை கொடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.